நீ யாருடைய பிள்ளை?

ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும், ஒன்பது பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்ற மாணவர்களின் படங்களை நமது பத்திரிகைகள் வெளியிட்டு மகிழ்கின்றன. மகிழத்தக்க செய்திதான். ஆயின், அப்படங்களில் இடம்பெறாத பெருந்தொகையான பிள்ளைகளின் கதி யாது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவர்களுக்கென்று நமது சமுதாயம் ஒரேயோர் உபதேசத்தை வைத்திருக்கிறது: 'ஒரு தொழிலைப் பழகு.' பெற்றோர் இதனைச் சொல்கின்றனர், அதிபர் சொல்கிறார், பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்க வரும் அரசியல்வாதியும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இதனையே சொல்கிறார். உபதேசம் நல்லது. ஆனால், தொழில் பழக விரும்பும் பிள்ளையைத் தெரிந்தெடுப்பவர் யார்? எந்த அளவுகோலைக்கொண்டு தெரிந்தெடுக்கிறார்? தெரிந்தெடுக்கப்படாத பிள்ளை எங்கே சென்று நியாயம் கேட்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடாது உபதேசம் மட்டும் செய்வது, பூட்டிய கதவைக் காட்டி 'உள்ளே போ' என்பதை ஒக்கும்.

நமது நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறோம். தொழிற்பயிற்சி என்பது கல்வி. அது உத்தியோகம் அன்று. வேலைக்கு ஆள் எடுப்பவர் வேலை தெரிந்தவனைத் தேடுவது இயல்பு. பயிற்சிக்கு ஆள் எடுப்பவரோ பயிலக்கூடியவனைத் தேடுதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே நமது பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஒரு விசித்திரமான நியாயம் ஆட்சி செலுத்துகிறது. பதினேழு வயதுப் பையனை நோக்கி, 'உனக்கு முன் அனுபவம் உண்டா?' என்று கேட்கிறார்கள். அனுபவம் இல்லாமையினாலன்றோ அவன் பயில வந்தான்! அந்த வயதில் அனுபவம் உடையவன் யார்? தகப்பனுக்கோ தாய்மாமனுக்கோ சொந்தமாகப் பட்டறை உள்ளவன். ஆகவே 'அனுபவம் உண்டா?' என்ற கேள்வியைச் சற்றே உரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது 'நீ யாருடைய பிள்ளை?' என்ற கேள்விதான். நம் நாட்டில் தொழிற் பயிலுநர்களைத் தெரிந்தெடுக்கும் முறைகள் பலவாகத் தோன்றினும், அவை யாவும் இந்த ஒரு கேள்வியின் வேறு வேறு வேடங்களே என்பதுதான் நாம் இங்கு சொல்ல விழைவது.

1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, பிள்ளையின் அறிவைத் தகப்பனின் பணப்பையால் அளக்கும் வழக்கம் கொள்கையளவிலேனும் முடிவுக்கு வந்தது. 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தெழுந்தனர். படித்தும் வேலையற்றிருந்த தலைமுறையின் சினம் அதில் வெளிப்பட்டது. அதே ஆண்டிலேயே தேசிய பயிலுநர் சட்டமும் பிறந்தது. பின்னர் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இன்றைய தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அமைந்தது. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் இப்போது உண்டு. இவையெல்லாம் மக்களின் வரிப்பணத்தால் நடப்பவை. பயிற்சித் திட்டத்தை வகுப்பது அரசு. தேர்ச்சியைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அரசு. ஆனால், பட்டறையின் வாசலில் நின்று 'நீ வா, நீ போ' என்று சொல்லும் அதிகாரம் மட்டும் முதலாளியின் சட்டைப்பையில் கிடக்கிறது. கல்வி பொதுவுடைமை, அதன் வாசற்சாவி தனியுடைமை! இம்முரண்பாட்டை நாம் இயல்பானதென ஏற்றுக்கொள்ளல் தகுமோ?

பல்கலைக்கழக அனுமதியோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1970களில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது தமிழ் மாணவர் கொதித்தெழுந்தனர்; ஒரு தலைமுறையின் அரசியலையே அது மாற்றியது. அங்கு பிரச்சினை, விதி நீதியற்றது என்பது. பட்டறை வாசலிலோ விதியே இல்லை. எத்தனை இடங்கள் உள்ளன, எவ்வளவு தகுதி வேண்டும், யார் தெரிவாயினர், ஏன் தெரிவாயினர் என்ற விவரம் எந்த அறிவித்தற் பலகையிலும் ஒட்டப்படுவதில்லை. மேன்முறையீடு என்ற சொல்லே அங்கு நகைப்புக்கு இடமாகும். வைத்திய பீடத்தின் ஓர் இடத்துக்காக நியாயம் பேசிய நமது நடுத்தர வர்க்கம், மின்னிணைப்பாளனாக விரும்பும் பிள்ளைக்கு இழைக்கப்படும் அநியாயத்தைக் குறித்து ஏன் வாய் திறப்பதில்லை? தன் பிள்ளை அந்த வாசலுக்குப் போவதில்லை என்பதன்றி வேறு காரணம் நமக்குத் தென்படவில்லை.

இனி, தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது என்று நோக்குவோம்.

முதலாவதாக, இடம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. பட்டறையில் வேலை செய்பவர் தம் உறவினரிடம் சொல்கிறார். உறவினர் தம் அயலவரிடம் சொல்கிறார். செய்தி உறவின் வழியே ஓடுகிறது. உறவு முடியும் இடத்தில் செய்தியும் நின்றுவிடுகிறது. தெரிவு தொடங்குமுன்னரே தெரிவு முடிந்துவிடுகிறது.

இரண்டாவதாக, கடிதம். கிராம அலுவலரின் அத்தாட்சி, பாடசாலையின் நற்சான்று ஆகியவற்றோடு காரியம் முடிவதில்லை. 'தெரிந்த ஒருவரின்' கடிதம் வேண்டும். பெரிய நிறுவனமாயின் பாராளுமன்ற உறுப்பினர் அல்லது அவருக்கு வேண்டியவர். சிறிய நிறுவனமாயின் ஊர்ப் பெரியவர். தென்னிலங்கையின் இரண்டாவது கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்ட பின்னர், இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990ஆம் ஆண்டில் தனது அறிக்கையை வெளியிட்டது. தொழில் வாய்ப்புகளைப் பங்கிடுவதில் அரசியற் செல்வாக்கு தலையிடுவதை இளைஞரின் வெறுப்புக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாக அது எடுத்துரைத்தது. ஆங்கிலத்தைச் சிங்கள இளைஞர் 'கடுவ', அதாவது 'வாள்' என்று அழைத்தனர் என்பதையும் அது பதிவு செய்தது. தம்மை வெட்டி வீழ்த்தும் ஆயுதமாகவே அவர்கள் அம்மொழியைக் கண்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கடிதமும் இருக்கிறது, வாளும் இருக்கிறது. குளிரூட்டி திருத்தப் பயில வரும் பிள்ளையிடம், 'உன்னைப்பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசு' என்று கேட்கும் நேர்முகப் பரீட்சைகளை நாம் அறிவோம். பழுதான இயந்திரம் எந்த மொழியில் முனகுகிறது என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்வி வடக்கில் உள்ளோர் நன்கறிந்தது. 'தம்பி எந்த ஊர்?' என்று தொடங்கும். ஊர் சொன்னால், 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று தொடரும். பக்கம் சொன்னால், 'ஆருடைய மகன்?' என்று முடியும். அன்பான குசலவிசாரிப்புப் போலவே இருக்கும். ஆனால் மூன்றாவது விடையோடு பிள்ளையின் சாதி முதலாளியின் மேசைமேல் வந்துவிடுகிறது. அதன்பின், 'இப்ப இடமில்லை, பிறகு சொல்லி அனுப்புறம்' என்ற பதிலுக்கு எவரும் காரணம் காட்டத் தேவையில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது. எனினும் சட்டப் புத்தகம் கதவுகளைத் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் தொடங்கிய எழுச்சியும், அதன்பின் தேநீர்க்கடை வாசல்களிலும் ஆலய வாசல்களிலும் அடியுண்டும் பின்வாங்காது நின்ற மக்களுமே அவற்றைத் திறந்தனர். தேநீர்க் குவளை பொதுவாயிற்று. உளியும் சுத்தியலும் இன்னும் பொதுவாகவில்லை.

நான்காவதாக, மலையகப் பிள்ளையின் முகவரி. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம் ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுதியவுடனேயே அவன் யாரென்பது வெளிப்பட்டுவிடுகிறது. அதுமட்டுமன்று. பல தோட்டங்களில் வீட்டுக்கு வீடு கடிதம் வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கே மொத்தமாக வந்து சேர்கிறது. நேர்முகத்துக்கு அழைக்கும் கடிதம் நேர்முகம் முடிந்த பின்னர் கைக்கெட்டினால், 'விண்ணப்பதாரி சமுகமளிக்கவில்லை' என்று பதிவாகும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் உரிமைக்காக 2003ஆம் ஆண்டு வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பிரசாவுரிமை கிடைத்தும் முகவரி கிடைக்காதவர்களைப் பார்த்து, 'இவர்கள் தேயிலை பறிக்கத்தான் லாயக்கு' என்று சொல்வோரும் நம்மிடையே உளர்.

ஐந்தாவதாக, பெண்பிள்ளை. அவளுக்கு முதலாளி கேள்வியே கேட்பதில்லை; தையலுக்கும் சிகையலங்காரத்துக்கும் வழிகாட்டிவிடுகிறார். வாகனம் திருத்தவோ உலோகம் ஒட்டவோ பயில விரும்பினால், 'இங்கே பெண்களுக்கு மலசலகூடம் இல்லையே' என்பது விடை. ஒரு மலசலகூடம் கட்டச் சில நாட்கள் போதும். கட்டாமல் விடுவதற்கு எத்தனை ஆண்டுகளும் போதா!

ஆறாவது தடை எல்லாவற்றினும் நுட்பமானது. அங்கு எவரும் எவரையும் மறுப்பதேயில்லை. பயிற்சிக் காலத்துப் படி சிறியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போது பஸ் கட்டணமும் சோற்றுப் பார்சலின் விலையும் ஏறிய வேகம் வாசகர் அறிந்ததே. நாட்கூலி கொண்டுவராவிட்டால் அன்று உலை ஏறாத வீட்டுப் பிள்ளை, தன்னைத் தானே விலக்கிக்கொள்கிறான். 'நாங்கள் இடம் கொடுத்தோம். அவன்தான் நின்றுவிட்டான்' என்று முதலாளி உண்மையாகவே சொல்லலாம். வறுமை செய்த தெரிவுக்கு மனிதர் எவரும் பொறுப்பில்லை போலத் தோன்றும்.

இவையாவும் நம் நாட்டுக்கே உரிய கோளாறுகள் என்று எண்ணுதல் தவறு. 1563ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டமொன்று, ஏழாண்டு பயிலாத எவரும் கைத்தொழில் செய்யலாகாது என்று விதித்தது. வணிகம் போன்ற உயர்ந்த தொழில்களில் பயிலுநராகச் சேர வேண்டுமாயின், பெற்றோருக்குக் குறித்த வருமானம் தரும் நிலம் இருத்தல் வேண்டுமென்றும் அதே சட்டம் வெளிப்படையாகக் கூறியது. அச்சட்டத்தின் பயிலுநர் விதிகள் 1814இல் நீக்கப்பட்டன. இன்று எந்த நாட்டுச் சட்டத்திலும் அவ்வாறு எழுதத் துணியார். எழுதாமலே அதைச் செய்யும் வித்தையை உடைமை வர்க்கம் கற்றுக்கொண்டுவிட்டது.

பயிலுநர் முறைக்கு இலக்கணமாகக் காட்டப்படும் ஜேர்மனியைப் பாருங்கள். அங்கு 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஏறத்தாழ 1,800 நிறுவனங்களுக்குப் பயிலுநர் இடம் கேட்டு இரண்டிரண்டு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகைமை ஒன்றே, புள்ளிகளும் ஒத்தவை, ஒன்றில் ஜேர்மானியப் பெயர், மற்றதில் துருக்கியப் பெயர். நேர்முகத்துக்கு ஓர் அழைப்புப் பெற ஜேர்மானியப் பெயருடையவன் சராசரியாக ஐந்து விண்ணப்பங்கள் எழுத வேண்டியிருந்தது. துருக்கியப் பெயருடையவன் ஏழு எழுத வேண்டியிருந்தது. அந்த இரண்டு மேலதிக விண்ணப்பங்களின் விலை என்ன? பெயர் மட்டுமே.

இச்செய்தி நமக்குத் தூரத்துச் செய்தியன்று. சுவிற்சர்லாந்தில் பாடசாலை முடிக்கும் பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்கல்வி வழியே செல்கின்றனர். போரினால் பெயர்ந்து அங்கு குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். தம் பிள்ளையின் நீண்ட பெயரைக் கண்டு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுமோ என்று அஞ்சும் பெற்றோரின் மனத்துயர் நியாயமானது; அதற்காக நாமும் குரல் கொடுப்போம். ஆனால், அதே குடும்பத்தின் உறவினர் இங்கு யாழ்ப்பாணத்தில் பட்டறை வைத்திருந்து, வாசலில் நிற்கும் பையனிடம் 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று கேட்பாராயின், அதனை என்ன பெயரால் அழைப்பது? அங்கே பெயர் செய்த வேலையை இங்கே ஊர் செய்கிறது. ஒன்றை அநீதி என்றும் மற்றதை வழக்கம் என்றும் சொல்லும் இரட்டை நாக்கை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.

முதலாளிகளின் வாதத்தையும் கேட்போம். 'இயந்திரம் விலையுயர்ந்தது, பொறுப்பற்றவன் கையில் கொடுக்க முடியாது. களவு போனால் யாரிடம் கேட்பது? தெரிந்தவர் பிள்ளையென்றால் ஒரு நம்பிக்கை. பழக்கிவிட்டால் வெளிநாட்டுக்கு ஓடிவிடுகிறான்.' இதில் உண்மை இல்லாமலில்லை. விசேடமாக, கடன்பட்டு இரண்டு இயந்திரங்களை வாங்கித் தானும் உடன் நின்று உழைக்கும் சிறு பட்டறைக்காரரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அவரும் ஒருகாலத்தில் எண்ணெய் படிந்த சாரத்தோடு வேறொருவரின் வாசலில் நின்றவரே. ஆனால் அவருடைய வாதம் அவருடைய முறையை ஆதரிக்கவில்லை. பொறுப்புணர்ச்சியை அறிய விரும்பினால், பையனின் தகப்பனை விசாரிப்பதால் என்ன பயன்? இரண்டு வாரம் அவனை உடன் வைத்துப் பார்க்கட்டும். சொன்ன நேரத்துக்கு வருகிறானா, எடுத்த ஸ்பனரை எடுத்த இடத்தில் வைக்கிறானா, தெரியாததைத் தெரியாது என்று கேட்கிறானா என்று கவனிக்கட்டும். இவற்றை எந்தக் கடிதமும் சொல்லாது. வெளிநாடு போகிறவனைப் பொறுத்தவரை, கடிதத்தோடு வந்தவனும் போகிறான். கடிதமின்றி வந்தவனும் போகிறான். அவர்களை நிறுத்தக்கூடியது உறவுமுறை அன்று, நியாயமான கூலி.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. ஆளணிப் பகுதியும் சட்ட ஆலோசகரும் உள்ள அவை, 'எமது நிறுவனத்தின் பண்பாட்டுக்குப் பொருந்துபவர்' என்று ஒரு புதிய தகைமையைக் கண்டுபிடித்திருக்கின்றன. அளக்க முடியாத தகைமை அது. ஆகையால் அதை இல்லையென்று சொல்வதும் எளிது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகியவை காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றத்தில் முறையிடுவதாயின், அம்மீறல் ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறைச் செயலாக இருத்தல் வேண்டும். தனியார் முதலாளி அதற்குள் அகப்படார். அதே உறுப்புரையின் மூன்றாம் பிரிவு கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்டிடங்கள், அவரவர் மதத்துக்குரிய பொது வணக்கத்தலங்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே எவரையும் தடுக்கலாகாது என்கிறது. அந்தப் பட்டியலில் வேலைத்தலம் இல்லை. தேநீர் குடிக்கும் உரிமையை அரசியலமைப்பு நினைவில் வைத்திருந்தது. தொழில் பயிலும் உரிமையை மறந்துவிட்டது.

ஆகவே நாம் கோருவன இவை. பொதுப் பணம் பெறும் பயிற்சித் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு நிறுவனமும், தன்னிடமுள்ள பயிலுநர் இடங்களை அயலிலுள்ள எல்லாப் பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். வேண்டிய தகுதியை எழுத்தில் வெளியிடல் வேண்டும். அதில் முன் அனுபவமும் சிபாரிசுக் கடிதமும் இடம்பெறலாகாது. தகப்பனின் தொழில், ஊரின் பகுதி, சமயம் ஆகியவற்றை வினவுதல் தடைசெய்யப்படல் வேண்டும். தெரிவு, குறுகிய காலச் செய்முறைத் தேர்வினாலேயே நடைபெறுதல் வேண்டும். அத்தேர்வில் முதலாளியோடு பயிற்சி அதிகாரசபையின் போதனாசிரியரும் அமர்தல் வேண்டும். சமதகுதி உடையோர் பலர் இருப்பின் சீட்டுக் குலுக்கட்டும். அதிர்ஷ்டம் குருடு, கடிதத்தைவிட அது நேர்மையானது. மறுக்கப்பட்ட பிள்ளைக்குக் காரணம் எழுத்தில் கொடுக்கப்படல் வேண்டும். படியானது பஸ் செலவையும் மதிய உணவையும் ஈடுசெய்வதாக அமைதல் வேண்டும். தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். இறுதியாக, பாரபட்சத்துக்கு எதிரான சட்டம் தனியார் வேலைத்தலத்தையும் கட்டுப்படுத்தல் வேண்டும்.

இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. பாடசாலை அனுமதிக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் விதியும் மேன்முறையீடும் வேண்டுமென்று கேட்கும் ஒரு சமுதாயம், பட்டறைக்கும் அவை வேண்டுமென்று கேட்பதே இங்கு செய்யப்படுகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சைப் பெறுபேற்றை ஆராயும் நாம், பாடசாலையை விட்டு நீங்கியோர் எந்த வாசலுக்குச் சென்றனர், எங்கே திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதற்கும் ஒரு பதிவேட்டை வைப்போமாக. ஒரு பிள்ளை மறுக்கப்பட்டால் அது அவன் தலைவிதி எனப்படும். ஒரே பட்டறையால் ஒரே பகுதியைச் சேர்ந்த பத்துப் பிள்ளைகள் ஐந்தாண்டுகளில் மறுக்கப்பட்டனர் என்று எழுதிக் காட்டினால் அது சான்று. நற்சான்றுப் பத்திரத்தில் 'நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்ற தொடரை ஒருபோதும் எழுதாதிருப்போமாக. பிள்ளையின் கை என்ன செய்யும் என்பதை எழுதுவோமாக.

மாணவ நண்பர்களே, உங்களுள் பல்கலைக்கழகம் செல்வோர் சிலர், செல்லாதோர் பலர். செல்லாதோரின் வாசலில் கேட்கப்படும் கேள்வி செல்வோருக்கும் உரியதே. பிறப்பைக் கேட்டுக் கல்வி கொடுக்கும் சமுதாயம் நாளை பிறப்பைக் கேட்டே மருந்தும் கொடுக்கும், நீதியும் கொடுக்கும். நீ யாருடைய பிள்ளை என்று எவரும் கேட்கலாகாது. உன் கை எதைப் பயில விரும்புகிறது என்பதே கேள்வியாதல் வேண்டும். அந்தக் கேள்வி நம் பட்டறைகளின் வாசலில் தானாக வந்து நில்லாது. தேநீர்க்கடையின் கதவு எவ்வாறு திறந்ததோ, அவ்வாறே இதுவும் திறக்கும்: தள்ளுவோர் பலராகும்போது.